பென் டிரைவும் பத்துப்பாத்திரமும்

தன்னை ஏமாற்ற இனிமேல்தான் ஒருவர் பிறந்து வரவேண்டும் என்பது டைம் கீப்பரின் அசைக்க முடியாத நம்பிக்கை. பஸ் ஸ்டாண்டில் அவர் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஒரு வண்டி அரை நிமிஷம் முந்த முடியாது, பிந்தவும் முடியாது. அவர் தலை தெரிந்தாலே டிரைவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வார்கள். அப்பேர்ப்பட்டவர் சீட்டாட்டத்தில் மாட்டிக்கொண்டார்.

சீட்டாட்டம் என்றால் நாலு பேர் கூடி ஆடுவதல்ல. தையல் டிசைன் வரைய மனைவி வாங்கிய கம்ப்யூட்டரில், தன்னந்தனியாக ஆடுவது. அன்று ராஜாவின் மேல் ராணியை வைக்கும் மும்முரத்தில், அடுப்பில் பால் பொங்கி, வற்றி, தீய்ந்து, பாத்திரமும் கரிக்கட்டையாகிவிட்டது.

“ஒரு மாசம் இந்த ஆட்டத்தைத் தொடாம இருக்க முடியுமா உங்களால?” என்றாள் மனைவி.

“மாசம் என்ன, வருஷக்கணக்கா இருப்பேன்!”

“மாசமே போதும். தோத்தா, ராத்திரிப் பத்துப்பாத்திரம் காலத்துக்கும் உங்க தலையில.”

“ஜெயிச்சா?”

“ஆட்டத்தைப் பத்தி வாயே திறக்க மாட்டேன். ஆனா திருட்டுத்தனம் வேண்டாம். எதை எப்போ திறந்தீங்கன்னு கம்ப்யூட்டரே குறிச்சு வச்சிடும்.”

வீறாப்பாகச் சரி என்று சொல்லிவிட்டார். இரண்டே நாளில் கை நமநம என்றது. சாப்பாட்டுத் தட்டில் கூட ராஜாவும் ராணியும் தெரிந்தார்கள். தோற்றாலோ ஆயுசுக்கும் மானம் போய்விடும். ஆபீஸ் கம்ப்யூட்டரைப் பழுதுபார்க்க வந்த மெக்கானிக்கிடம் மனசைத் திறந்தார். அவன் சிரித்துக்கொண்டே ஒரு பென் டிரைவை நீட்டினான்.

“சார், இதுக்குள்ள ஒரு முழு சிஸ்டமே இருக்கு. சொருகிட்டு ஆன் பண்ணுங்க, இதுல இருந்தே எல்லாம் ஓடும். சீட்டாட்டமும் இருக்கு. அணைச்சுட்டு உருவிட்டா, நீங்க வந்து போனதே வீட்டுக் கம்ப்யூட்டருக்குத் தெரியாது.”

“குறிச்சு வைக்குமே?”

“எதுல குறிக்கும்? அதோட டிஸ்க் பக்கமே இது போகாது சார்.”

டைம் கீப்பருக்குத் தலைகால் புரியவில்லை. இனி ஒரே ஒரு வேலைதான் பாக்கி. சாப்பாட்டுக்குப் பிறகு மனைவியைக் கொஞ்ச நேரம் வெளியே கிளப்ப வேண்டும்.

“நீ பக்கத்து வீட்டு அக்காவோட காலாற நடந்துட்டு வாயேன். பாத்திரத்தை நான் பார்த்துக்கறேன்.”

மனைவி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். “காய்ச்சல் இல்லையே!”

“புருஷன் ஒத்தாசை பண்ணினா அதுக்கும் ஒரு கேள்வியா?”

அவள் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அவர் பாட்டுப் பாடிக்கொண்டே பாத்திரங்களைத் தேய்த்தார். பளபளப்பு குறைந்தால் சந்தேகம் வரும் என்று அடியையும் விளிம்பையும் கூட விடவில்லை. பிறகு பென் டிரைவைச் சொருகினார். ஆடினார். அவள் திரும்பி வருவதற்குள் உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சாதுவாக உட்கார்ந்தார். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

காலையில் மனைவி கூப்பிடுவாள். “என்னங்க, கம்ப்யூட்டர்ல கடிகாரம் தப்பா ஓடுது. விடிஞ்சு வெயில் வந்தாச்சு, இது நடுராத்திரின்னு காட்டுது.”

“நகரு. நேரத்தைத் திருத்த இந்த வீட்ல என்னை விட்டா யாரு இருக்கா?” என்று உட்கார்ந்து திருத்துவார். “பழைய மெஷின். உள்ளே பேட்டரி சோர்ந்திருக்கும்.”

டபுள் டியூட்டிக்குப் போன ராத்திரிகள் போக, தினமும் தப்பாகும், தினமும் திருத்துவார். அதில் அவருக்குப் பெருமை வேறு.

மாதம் முடிந்தது. சாப்பிட்டு முடித்ததும் டைம் கீப்பர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

“பந்தயம் என்ன ஆச்சு?”

“நீங்க தோத்தாச்சு.”

“ஆதாரம் எங்கே? கம்ப்யூட்டரைத் திறந்து பாரு! ஒரு ஆட்டம் ஆடியிருக்கேனான்னு காட்டு!”

“அதுல ஒண்ணும் இருக்காது. கடிகாரம் சொல்லிடுச்சு.”

“கடிகாரமா?”

“நீங்க டபுள் டியூட்டின்னு வீட்டுக்கு வராத ராத்திரிக்கு மறுநாள் மட்டும் அது சரியா ஓடுச்சு. துணி தைக்கக் குடுக்க வந்த கம்ப்யூட்டர் டீச்சர்கிட்ட கேட்டேன். வெளியில இருந்து வேற சிஸ்டம் வந்து ஓடினா, போகும்போது கடிகாரத்தைத் தன்னோட வெளிநாட்டு நேரக் கணக்குக்கு மாத்தி வச்சுட்டுப் போயிடுமாம். நீங்களும் தினம் காலையில உங்க கையாலேயே திருத்தி வச்சீங்க, மறுபடி தப்பானா முந்தின ராத்திரி ஆடியிருக்கீங்கன்னு தெளிவா தெரிஞ்சுது.”

பஸ் ஸ்டாண்டையே ஆட்டிவைக்கும் டைம் கீப்பர் சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டார். “இது... எப்போ தெரியும்?”

“முதல் வாரத்துலேயே.”

“அப்பவே கையும் களவுமா பிடிச்சிருக்கலாமே?”

“பிடிச்சிருந்தா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுக் கழுவியிருப்பீங்க. இப்போ பாட்டுப் பாடிக்கிட்டே கழுவறீங்க. பளபளன்னு வேற இருக்கு.”

அசடு வழிய நின்றவர், சட்டைப் பையிலிருந்து பென் டிரைவை எடுத்து அவள் முன்னால் வைத்தார். மனைவி அதை எடுத்து, பதவிசாகத் துடைத்து, திரும்பவும் அவர் பையிலேயே போட்டாள். பிறகு செருப்பை மாட்டினாள்.

“பத்திரமா வச்சுக்குங்க. அது தொலைஞ்சா, அப்புறம் நீங்க கழுவின பாத்திரத்தை நான்தான் மறுபடி கழுவணும்.”