இனவாதமற்ற வாசல்

இந்தக் கதையை எனக்குச் சொன்னவள் சுபானி. அவளுக்குச் சொன்னவள், இதில் வீடு தேடும் அன்ரனிற்றா. கடைசிப் பந்தியைத் தவிர வேறெதையும் நான் நேரில் பார்க்கவில்லை.

அன்ரனிற்றா ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரில் பிறந்த ஈழத்தமிழ்ப் பெண், தாதி. நகரின் மறுகோடியில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. அதிகாலை வேலைக்கு அங்கே போக பஸ் இல்லை. மாதக் கடைசிக்குள் பக்கத்தில் வீடு கிடைக்காவிட்டால் வேலையும் இல்லை.

பிராண்ட் என்ற வீட்டுக்காரர் தொலைபேசியில் கேட்டார்: "எங்கிருந்து வருகிறீர்கள்?"

"டோர்ட்மண்ட்."

"இல்லை, உண்மையில்?"

உண்மையில் டோர்ட்மண்ட் என்றாள். அந்த நொடியே வீடு வேறொருவருக்குப் போய்விட்டது. சற்று நேரத்தில் அவளுடைய வெள்ளைக்காரத் தோழி யூலியா அழைத்தபோது திரும்பி வந்துவிட்டது.

அன்ரனிற்றா நகரசபையின் இனவாத எதிர்ப்பு அலுவலகத்தில் முறையிட்டாள். பொறுப்பாளர் திருமதி கெஸ்லர் கண் கலங்கினார். மேன்மைதங்கிய அலுவலகம் உடனடி நடவடிக்கையில் இறங்கியது: பிராண்ட் ஒரு பயிற்சிப் பட்டறைக்கு அழைக்கப்பட்டார். ஆலோசனைக் குழு உறுப்பினர் மகேந்திரராஜா, பலசரக்குக் கடையும் மூன்று மாடி வீடும் உள்ளவர், அங்கே உருக்கமாகப் பேசினார்: "'உண்மையில் எந்த ஊர்?' என்று கேட்பது ஒரு மனிதரை வாசலிலேயே நிறுத்தி வைப்பது."

கைதட்டல் ஓய நேரமெடுத்தது. அன்ரனிற்றாவிடம் நம்மூர்ப் பலகாரமான ரோல்ஸ் செய்துவரச் சொல்லியிருந்தார்கள். பிராண்ட் விரும்பிச் சாப்பிட்டார். முடிவில் அவருக்கும், உரையாற்றியதற்காக மகேந்திரராஜாவுக்கும், 'இனவாதமற்ற வாசல்' என்று பொறித்த பித்தளைத் தகடு வழங்கப்பட்டது.

"அப்படியென்றால் எனக்கு வீடு?" என்றாள் அன்ரனிற்றா.

திருமதி கெஸ்லர் பொறுமையாக விளக்கினார்: "தகடு பெற்றவர் பாகுபாடு காட்டமாட்டார். ஆகவே அவர் மறுத்தால் காரணம் வேறு ஏதோ."

"தகடு இன்றைக்குத்தானே கொடுத்தீர்கள். அவர் மறுத்தது போன கிழமை."

"போன கிழமை மறுத்த ஆள் இப்போது இல்லை. அவரை நாங்கள் மாற்றிவிட்டோம்."

வெளியே மகேந்திரராஜா தகட்டோடு நின்றார்.

"தங்கச்சி, கவலைப்படாதேங்கோ. என்ரை மேல்மாடி சும்மாதான் கிடக்கு. எங்கடை சனத்துக்கு நாங்கள்தானே."

"மெய்யாவோ அண்ணை? நாளைக்கே வாறன்!"

"ஓம், வாங்கோ. நீங்கள் எந்த ஊர்?"

"டோர்ட்மண்ட், அண்ணை."

"அது தெரியும். அப்பா?"

ஊரைச் சொன்னாள்.

"அட, எங்கடை ஊர்! அதிலை எந்தப் பக்கம்? கோயிலடியோ, அங்காலையோ?"

அங்காலை என்றாள். மகேந்திரராஜா தொண்டையைச் செருமினார். மேல்மாடியில் தண்ணீர்க் குழாய் பழுது என்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது.

"இப்ப ஏலாது, தங்கச்சி. திருத்தினாப் பிறகு சொல்லுறன்."

"அண்ணை, உள்ளுக்கை நீங்கள்தானே இப்ப பேசினியள்?"

"அது வெள்ளைக்காரருக்கு, பிள்ளை."

மாதம் முடிந்தது. ஆஸ்பத்திரி வேலை வேறொருவருக்குப் போனது. அது திரும்பி வரவில்லை.

ஒரு பக்கத்து ஞாயத்தை மட்டும் கேட்டு எழுதுவது சரியல்ல என்று, போன சனிக்கிழமை நான் மகேந்திரராஜா வீட்டுக்குப் போனேன். வாசலில் தகடு பளபளத்தது. வீடு பார்க்க வந்ததாகச் சொன்னேன். ஊர் கேட்டார், எந்தப் பக்கம் என்றும் கேட்டார். கோயிலடி என்றேன். தேநீர் தந்து, மேல்மாடிக்குக் கூட்டிப்போனார். குழாயை நானே திறந்து பார்த்தேன். தண்ணீர் நன்றாக வருகிறது.