தானாக உடையாத கண்ணாடி

உலகில் காரணம் இல்லாமல் எதுவும் நடப்பதில்லை என்று ஞானிகள் சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்தார்கள். அந்தக் காரணம் யார் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லும் பொறுப்பை எங்கள் கண்ணாடி நிறுவனத்திடம் விட்டுவிட்டார்கள். அதை நாங்கள் எவ்வளவு சிறப்பாக நிறைவேற்றிவருகிறோம் என்பதை அடக்கத்தோடு இங்கே பதிவுசெய்கிறேன். அடக்கம் எங்கள் நிறுவனத்தின் கொள்கைகளில் ஒன்று. வாசலில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறோம்.

நான் அங்கே 'காரண அலுவலர்'. குளியலறைக் கதவு, மாடிப்படித் தடுப்பு, சாப்பாட்டு மேசை என்று வீட்டுக்கு வேண்டிய சகலத்தையும் நாங்கள் டஃபன்டு கிளாஸில் செய்கிறோம். சாதாரணக் கண்ணாடியைப் பழுக்கக் காய்ச்சி, சட்டென்று குளிர்காற்றை அடித்தால் அது விறைத்துப்போய் இந்த உயர்ந்த நிலையை அடைகிறது. எங்கள் மேலாளர்களையும் ஏறக்குறைய இதே முறையில்தான் உருவாக்குகிறோம். அதன்பின் ஓங்கிக் குத்தினாலும் கண்ணாடி அசையாது. ஆனால் ஒருநாள், ஆளே இல்லாத அறையில், யாரும் தொடாத நேரத்தில், துப்பாக்கி சுட்டது மாதிரி வெடித்துக் கல்லுப்பாகக் கொட்டிவிடும். இதைப் பொதுமக்கள் அறியாமையால் 'தானாக உடைந்தது' என்கிறார்கள்.

விஷமிகள் இதற்கு விஞ்ஞானம் பேசுகிறார்கள். கண்ணாடியை உருக்கும்போது கண்ணுக்குத் தெரியாத நிக்கல் துணுக்கு ஒன்று உள்ளே மாட்டிக்கொள்ளுமாம். அது வருஷக்கணக்கில் மெல்ல மெல்லப் பருத்து, ஒருநாள் உள்ளிருந்தே பிளந்துவிடுமாம். பொருத்த வந்தவர் ஓரத்தில் லேசாகச் சில்லுத் தெறிக்க விட்டாலும், திருகை வீம்புக்கு முடுக்கினாலும் இதே கதிதானாம். விற்பதற்கு முன் இன்னொரு முறை அடுப்பில் வைத்துச் சூடாக்கிப் பார்த்தால், துணுக்கு உள்ள கண்ணாடி பெரும்பாலும் தொழிற்சாலையிலேயே உடைந்துவிடும் என்றும் யோசனை சொல்கிறார்கள்.

அந்த அடுப்பு எங்களிடம் இல்லாமல் இல்லை. ஆனால் எங்களுக்கு ஈரமனசு. ஏதோ ஒரு குடும்பத்தோடு சில வருஷமாவது சந்தோஷமாக வாழ வேண்டிய கண்ணாடியை, வெறும் சந்தேகத்துக்காக இங்கேயே கொல்வானேன்? ஆகவே அந்த அடுப்பில் எங்கள் நிறுவனம் வாங்கிய தர விருதுகளை அடுக்கிவைத்திருக்கிறோம். தூசி படாமல் இருக்கின்றன.

கண்ணாடி உடைந்ததாகப் புகார் வந்தால் நான் நேரில் போவேன். கண்ணாடியை அதிகம் பார்க்க மாட்டேன்; அதுதான் உடைந்துவிட்டதே. வீட்டில் இருப்பவர்களைப் பார்ப்பேன். எதிர்த்துப் பேசும் வசதி யாருக்குக் குறைவோ, அவரிடம் தொடங்கினால் உண்மை சீக்கிரம் வெளிவரும் என்பது என் அனுபவம்.

ஒரு பல் டாக்டர் வீட்டில் அப்படித்தான் அவருடைய அக்காவைக் கண்டுகொண்டேன். கணவர் போன பிறகு தம்பி வீட்டுக்கு வந்துவிட்டவர். பின்னறையில் மெஷின் போட்டு அக்கம்பக்கத்தாருக்குத் துணி தைத்துக்கொடுப்பவர். குளியலறைக் கதவு வெடித்தபோது டாக்டர் கார் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் மனைவி போனில் இருந்தார். அக்கா மெஷினில் இருந்தார். குளியலறையில் ஈ காக்கை இல்லை.

"கடைசியா அந்தக் கதவைத் தொட்டது யாருங்க?" என்று ஆரம்பித்தேன்.

"நேத்து நான்தான் துடைச்சேன்," என்றார் அக்கா.

"எப்படித் துடைச்சீங்க?"

"கையாலதான். காலால துடைச்சுப் பழக்கமில்ல."

'விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை' என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

"துடைக்கும்போது மனசுல ஏதாவது கோபம்?"

"சோப்புக் கறை போகலையேன்னு இருந்துச்சு."

"அண்ணி எதையுமே கொஞ்சம் அழுத்தித்தான் துடைப்பாங்க," என்று டாக்டரின் மனைவி உதவிக்கு வந்தார். அவருக்கு நாத்தனார்மேல் பகை ஒன்றும் கிடையாது. தன்னைக் கேட்பதற்குள் முந்திக்கொண்டார், அவ்வளவுதான்.

எனக்கு அது போதும். 'தாமதித்து வெளிப்படும் அழுத்தம்' என்று அந்த இடத்திலேயே தீர்ப்புச் சொன்னேன். நேற்று அழுத்தினால் இன்று உடையும். கூடவே எங்கள் வழக்கமான பரிந்துரை: கைபாரம் உள்ளவர்களைக் கண்ணாடி இருக்கும் இடங்களில் தங்கவைப்பது உசிதமல்ல. அந்த வீட்டில் எங்கள் கண்ணாடி இல்லாத இடம் பரண் ஒன்றுதான்.

டாக்டர் ஊரார் வாயையெல்லாம் திறக்கச் சொல்கிறவர். அன்றைக்குத் தன் வாயைத் திறக்க ரொம்பச் சிரமப்பட்டார். "அக்கா, பின்தெருவுல ஒரு ரூம் காலியா இருக்காம். கொஞ்ச நாளைக்கு மட்டும்..." என்று இழுத்தார். அக்கா எழுந்துபோய், பின்னறையில் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியை நிறுத்தினார். ஒரு குடும்பத்துக்கு உண்மையைக் காட்டிக்கொடுத்த நிறைவோடு நான் விடைபெற்றேன்.

ஜாமான்களைக் கட்டுவதற்கு முன்னால் அக்கா ஒரு காரியம் செய்தார். தம்பியைக் கையோடு இழுத்துக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

"சார், எனக்குப் புதுக் கதவு வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நான் உடைக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இவன் காதுல விழற மாதிரி சொல்லுங்க. அது போதும்."

"இன்னிக்கு ஆண்டுக் கூட்டம்மா. உக்காருங்க," என்று வரவேற்பு நாற்காலிகளைக் காட்டிவிட்டு உள்ளே போனேன்.

கூட்ட அறைக்கும் வரவேற்புக்கும் நடுவே இருப்பது எங்கள் தயாரிப்பான கண்ணாடிச் சுவர். அறைக்குள் இருப்பதும் எங்கள் தயாரிப்பான நீளக் கண்ணாடி மேசை. அதன் தலைமாட்டில் இயக்குநர் எழுந்து நின்று அறிவித்தார்: "இந்த வருஷமும் தானாக உடைந்த நம் கண்ணாடிகளின் எண்ணிக்கை, வழக்கம்போல, பூஜ்யம்!"

எல்லோரும் கைதட்டினோம். கரகோஷம் உச்சத்தில் இருக்கும்போது மேசை வெடித்தது.

காபி அனைவர் மேலும் பதவி பேதமின்றிச் சிந்தியது. சில்லுகள் மழைபோல் கொட்டி அடங்கின. கைதட்டிய கைகள் அப்படியே அந்தரத்தில் நின்றன.

"யாரு?" என்றார் இயக்குநர்.

"நான் மேசையைத் தொடவே இல்ல சார். ரெண்டு கையும் தட்டிக்கிட்டு இருந்துச்சு," என்றார் விற்பனை மேலாளர்.

"என் கையும்தான் சார். உங்களுக்கே தெரியும், நான் எப்பவும் பலமாத் தட்டுவேன்," என்றார் உற்பத்தி மேலாளர்.

"அப்போ உங்க பலமான தட்டல்லதான் உடைஞ்சுதா?" என்றார் இயக்குநர்.

"இல்ல சார், இன்னிக்குக் கொஞ்சம் மெதுவாத்தான் தட்டினேன்."

"மெதுவாவா? ஏன், என் பேச்சு பிடிக்கலையா?"

கணக்கு மேலாளர் நல்ல மனிதர், ஆனால் விவரம் போதாது. "சார், ஒருவேளை அதுவாவே..." என்று வாயெடுத்தார். இயக்குநர் அவரை முறைத்தார். அதுவாகவே என்றால், இதுவரை நான் வீடு வீடாகக் கண்டுபிடித்தவர்கள் என்ன ஆவது? நிறுவனம் என்ன ஆவது? "அதுவாவே... தெரிய வரும்னு சொல்ல வந்தேன் சார்," என்று அவர் சுதாரித்துக்கொண்டார்.

எல்லோர் பார்வையும் காரண அலுவலர் மேல் திரும்பியது. எனக்கு வியர்த்தது. எதிர்த்துப் பேச வசதியில்லாதவர் ஒருவர்கூட அந்த அறையில் இல்லை. கொடுமை, காபியைக்கூட இயந்திரம்தான் கொடுக்கிறது. மேசை போன துக்கத்தில் நாற்காலிகளைக் கண்ணாடிச் சுவரோரம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். அப்போது அந்தச் சுவருக்கு அப்பால் என் கண்ணில் அக்கா பட்டார். கடவுள் இருக்கிறார்!

தம்பியையும் அக்காவையும் உள்ளே அழைத்துவந்தேன்.

"இங்க ஒரு மேசை உடைஞ்சு போச்சும்மா."

"சத்தம் கேட்டுச்சே. யாருக்காவது அடி கிடி பட்டுச்சா?"

அந்தக் கேள்வி எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. எங்களுக்கு அலுவல் இருந்தது.

"அதை விடுங்க. உடையறப்போ நீங்க இந்தப் பக்கம் பாத்தீங்களா?"

"பாத்தேன். எல்லாரும் கைதட்டினீங்க. ஏதோ நல்ல சேதின்னு நினைச்சேன்."

"பாத்தாங்களாம்!" என்று இயக்குநரிடம் திரும்பினேன். "இவங்க ஏற்கெனவே ஒரு கதவு சார். இப்போ மேசை. ரெண்டு கண்ணாடிக்கும் பொதுவான ஒரே ஆள்." அறையில் நிம்மதிப் பெருமூச்சு எழுந்தது. விற்பனை மேலாளர் மெதுவாகக் கைதட்டலாமா என்று யோசித்தார்.

டாக்டர் முன்னால் வந்தார். "சார், என்ன பேசறீங்க? அக்கா என் பக்கத்துல உக்காந்திருந்தா. நடுவுல சுவர் இருக்கு!"

"கண்ணாடிச் சுவர் சார். பார்வை ஊடுருவும்."

"எங்க வீட்டுக் கதவையும் இப்படித்தான் கண்டுபிடிச்சீங்களா?"

"அதே முறைதான் சார். ரொம்ப நம்பகமான முறை."

டாக்டர் என்னைப் பார்த்தார். தரையில் குவிந்த சில்லுகளைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் முகம் சிவந்து, கண் நிறைந்துவிட்டது.

"அக்கா... ரூமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். வா, வீட்டுக்குப் போகலாம். நான் ஒரு மடையன்."

"இதுக்கு ஒரு மேசை உடைய வேண்டியிருந்துச்சாடா உனக்கு?" என்றார் அக்கா. கொஞ்ச நேரம் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"நீங்கல்லாம் சாஞ்சு உக்காந்திருக்கீங்களே, இந்தச் சுவரும் உங்க கம்பெனிதானா?"

"எங்களுடைய பெருமைக்குரிய தயாரிப்பு," என்றார் இயக்குநர்.

"தானா உடையாதே?"

"இந்த நிறுவனத்தில் அப்படி ஒன்று நடந்ததே கிடையாது."

"அப்போ என்னாலதான் ஆபத்து. சரி, நான் பாக்கல, தொடல." அக்கா சுவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டார். "இப்போ நிம்மதியா உக்காருங்க."

அந்தச் சுவரை உடைக்க இப்போது உலகத்திலேயே ஆள் இல்லை.

முதலில் சுவரை விட்டு நகர்ந்தது இயக்குநர்தான். பதவி வரிசை மாறாமல் நாங்களும் பின்தொடர்ந்தோம்.

அக்கா கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "எதுக்கு சார் நாற்காலியெல்லாம் நகருது?"