ஃபாராவின் மகனுக்குப் பெண் கேட்கப் போனேன்

சிநேகிதனுடைய மகனின் கல்யாணத்தை ஒரே கேள்வியில் குழப்பிய ஆள் நான். யாரும் என்னைத் தூண்டவில்லை. எல்லாம் சொந்த வாய்தான்.

ஃபாரா சோமாலியாக்காரன். டவுன்டவுன் உணவகம் ஒன்றின் சமையலறையில் பல வருடம் ஒன்றாக வேலை செய்தோம். மகன் இலியாசுக்குப் பெண் கேட்க, அவர்கள் வழக்கப்படி குடும்பத்து மூத்த ஆண்கள் போகவேண்டும். ஃபாராவின் சகோதரர்கள் நைரோபியிலும் லண்டனிலும். ஆகவே என்னைக் கூப்பிட்டான்.

“நீ படிச்சவன், தலையும் நரைச்சிட்டுது. பக்கத்தில இருந்தால் காணும். வாய் திறக்காதை.” (நாங்கள் கதைப்பது பிரெஞ்சில். எனக்கு ஞாபகம் நிற்பது யாழ்ப்பாணத் தமிழில்.)

படித்தவனிடம் சொல்கிற புத்தியா அது?

பெண் வீடு நகரின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில். தகப்பன் பஸ் சாரதி. ஏலக்காய்த் தேநீரும், சமோசா மாதிரியான சம்பூசாவும் வந்தன. பேச்சு நன்றாகவே போனது. ஆனால் முக்கியமான விஷயத்தை ஃபாரா தொடவேயில்லை. வெட்கப்படுகிறான், பாவம். நான் தொண்டையைச் செருமினேன்.

“அது சரி, மகளுக்கு என்ன சீதனம் குடுக்கிறியள்?”

(சீதனத்துக்குப் பிரெஞ்சுச் சொல்லை வீட்டிலேயே அகராதியில் பார்த்து வைத்திருந்தேன்.)

தகப்பன் நெற்றியைச் சுருக்கினார். என் உச்சரிப்புத்தான் பிழையாக்கும் என்று நினைத்து விளக்கினேன். “வீடோ, நகையோ?”

பெண்ணின் தகப்பன் கோப்பையை வைத்துவிட்டு ஃபாராவைப் பார்த்தார். “மகனை விக்கவோ வந்தனீங்கள்?”

எழுந்து வந்துவிட்டோம். லிஃப்டில் ஃபாரா சட்டைப்பையிலிருந்து தடித்த என்வலப் ஒன்றை எடுத்துக் காட்டினான்.

“எங்களில மாப்பிள்ளை வீடுதான் குடுக்கிறது. இதுக்காகத்தான் ஞாயிற்றுக்கிழமையளிலயும் சட்டி கழுவினனான். இனி இலியாசுக்கு என்ன சொல்ல?”

என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

ஆறுதல் கிடைக்குமென்று மனைவி ராணியிடம் சொன்னேன்.

“என்ரை அப்பாவிட்டைக் கேட்ட அதே வாய்தானே,” என்றாள். “அவர் தோட்டக்காணியை வித்துத்தான் உங்களுக்கு வீடு கட்டினவர். மறந்திட்டியளோ?”

மறக்கவில்லை. நினைக்காமல் இருந்திருக்கிறேன்.

மறுநாள் தனியாகப் போய்ப் பெண் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

“பிழை என்ரை. ஃபாராவுக்கு ஒண்டும் தெரியாது. எங்கட ஆக்களில பெண் வீடுதான் குடுக்கிறது.”

“உங்களுக்கும் குடுத்தவையோ?”

“ஓம். வீடு.”

அந்த மனிதர் சிரித்த சிரிப்பில் மனைவியும் மகளும் உள்ளிருந்து ஓடிவந்தார்கள். “இங்க பாருங்கோ! இந்த மனுசனைக் கட்டுறதுக்கு வீடு குடுத்திருக்கினம்!”

அன்றே ஃபாராவைத் திரும்ப வரச் சொன்னார். கல்யாணம் சிறப்பாக நடந்தது.

ராணியிடமும் மன்னிப்புக் கேட்டேன், இத்தனை வருடம் பிந்தி. நேரடியாகப் பதில் இன்னும் வரவில்லை. ஆனால் ஃபாரா வீட்டு விருந்துகளில், “இவரைத்தானோ வீடு குடுத்து வாங்கினது?” என்று யாராவது கேட்பார்கள். ராணி சம்பூசாவைக் கடித்தபடி சொல்வாள்:

“ஓம். ரசீதைத் துலைச்சிட்டன். இல்லாட்டி எப்பவோ திருப்பிக் குடுத்திருப்பன்.”