முப்பது அங்குலம்

புதன்கிழமை காலை வெண்டல் அவசரப்பட்டு இணையத்தில் புது விவாத இழையைத் திறந்துவிட்டார். 'ஞாயிறு பெரும்புயல்! நம் வூஸ்டரில் முப்பது அங்குலப் பனி!' என்று தலைப்பும் போட்டாயிற்று. மதியம் அடுத்த கணினிக் கணிப்பு வந்தது. இருபது அங்குலம்.

வடகிழக்குப் பனிப்பித்தர் இணையக் குழுமத்தில் இழையைத் திறந்தவர்தான் புயலுக்குப் பொறுப்பு. வெண்டல் திறந்த கடைசி இரண்டு புயல்களும் பனி கொட்டாமல் கடலுக்குள் ஓடிவிட்டன. மூன்றாவதும் ஓடினால் ஆயுசுக்கும் அவர் இழை திறக்கக் கூடாது.

"இந்தாளை யாருய்யா தொறக்கச் சொன்னது?"

"புயலுக்கே இவரைக் கண்டா ஆகாது!"

எல்லோரும் பொரிந்து தள்ள, 'பழம்பனி' என்ற பெயரில் எழுதும் மூத்த உறுப்பினர் மட்டும் நிதானமாகக் கேட்டார். "வீட்டுல பனி கரைய வாசல்ல தூவற உப்பு வாங்கி வெச்சிருக்கியா?"

"நாலு மூட்டை."

"அதான் விஷயம். தயாரா இருக்கற வீட்டுக்குப் பனி வராது. வெளியேத்து."

நான்கு மூட்டையும் பக்கத்து வீட்டு டோரீனிடம் போயின.

"எனக்கு எதுக்குப்பா இவ்வளவு?"

"புண்ணியமாப் போகும், வாங்கிக்கோங்க."

வியாழக்கிழமைக் கணிப்பு: பன்னிரண்டு அங்குலம். பனி அள்ளும் ஷவல் மூன்றும் டோரீன் வீட்டுக்குப் போயின. வெள்ளிக்கிழமை: ஆறு.

"இன்னும் ஏதோ பெருசா இருக்கு. யோசி," என்றார் பழம்பனி.

வெண்டல் கார் கொட்டகையைப் பார்த்தார். பனி வாரும் இயந்திரம், ஆரஞ்சு நிறத்தில், அப்பாவியாய் நின்றது.

மனைவி மார்லீன் குறுக்கே நின்றாள். "திங்கக்கிழமை காலைல எனக்கு ஆஸ்பத்திரி டியூட்டி. வண்டி வெளிய போகணும்."

"பனி பெஞ்சாத்தானே மெஷின் வேணும்? மெஷின் இருந்தா பனியே பெய்யாதே!"

"அப்போ அது இங்கயே இருக்கறதுதானேப்பா நல்லது?"

அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து வெண்டல் இயந்திரத்தை டோரீன் வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

சனிக்கிழமைக் கணிப்பு: வெறும் தூறல். குழுமம் அவருக்கு இரங்கல் எழுதத் தொடங்கியது.

ஞாயிறு எல்லாக் கணிப்பையும் மீறிப் பனி கொட்டியது. திங்கள் காலை வெண்டல் ஜன்னல் வழியே அளவுகோலை இறக்கினார். முப்பத்தோரு அங்குலம்! 'வெண்டல் வாழ்க' என்று குழுமம் அலறியது.

மார்லீன் சீருடையில் வந்து நின்றாள். "அந்த வாழ்கவை வெச்சு வழியத் தொற."

வெளிக்கதவு நான்கு விரல்கடைக்கு மேல் அசையவில்லை. வெண்டல் சமையலறை ஜன்னலில் இறங்கி, கேக் சுடும் தட்டால் பனியைத் தோண்டித் தோண்டி, டோரீன் வீட்டை அடைந்தார். அங்கே பனியெல்லாம் வாரப்பட்டு வாசல் பாதையின் தார் பளபளத்தது. உப்பும் தூவியிருந்தது.

"டோரீன், அரை மணி நேரம் அந்த மெஷினைக் குடுங்களேன்."

"தாராளமா எடுத்துட்டுப் போ," என்றாள் டோரீன், கையுறையைக் கழற்றியபடி. "ஆனா மத்தியானத்துக்குள்ள கொண்டாந்துடு. வியாழக்கிழமை இன்னொரு புயல் காட்டுது. மெஷின் உன் வீட்டுலயே இருந்துச்சுன்னா, பழம்பனிங்கற பேருல நான் மறுபடியும் உப்புலேருந்து ஆரம்பிக்கணும்."