ப்ராடக்ட் கீ கீதா?

சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்ப்பவர்களுக்கெல்லாம் கம்ப்யூட்டர் தெரியும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. எங்களில் யாரும் அதை மறுப்பதில்லை. (மறுத்தால் சம்பந்தம் பேச வருகிறவர்களிடம் மதிப்பு போய்விடும்.) அந்த நம்பிக்கையை ஒரே பகலில் தரைமட்டமாக்கிய பெருமை எனக்கு உண்டு.

கல்யாணமாகி மூன்றாவது வாரம். கோவில்பட்டியிலிருந்து மண்ணூர்பேட்டைக்கு வாழ வந்திருந்தேன். மாமியார் வீட்டில் எப்படியாவது நல்ல பெயர் வாங்கிவிடத் துடித்தேன். சமையலில் வாங்க வழியில்லை. நான் வைத்த முதல் ரசத்தைப் பார்த்து அத்தை, "இன்னாமா, வெந்நி கலர்ல கீது?" என்று விசாரித்திருந்தார்.

வாய்ப்பு ஒரு சனிக்கிழமை வந்தது. நாத்தனார் தீபாவுக்கு மாலை நான்கு மணிக்கு ஆன்லைனில் இன்டர்வியூ. வாழ்க்கையிலேயே முதல் இன்டர்வியூ! டெஸ்ட்டும் எழுத வேண்டும் என்பதால் போன் கூடாது, லேப்டாப்தான் வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். என் ஆபீஸ் லேப்டாப் வெளியார் மீட்டிங்கைத் திறக்கவே விடாது. அவளிடம் இருந்ததோ பூந்தமல்லியில் வாங்கிய பழைய லேப்டாப்.

"கொஞ்சம் ஸ்லோவா கீது அண்ணி. மத்தபடி ஓடும்," என்றாள் தீபா.

அத்தோடு விட்டிருக்கலாம். விட்டேனா? "ஆபரேட்டிங் சிஸ்டத்தையே புதுசா போட்டுருவோம். அரை மணி நேரம். ராக்கெட் மாதிரிப் பறக்கும் பாரு!" என்றேன். அவளுடைய ஃபைல்களைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு, பழைய குப்பை எதுவும் மிஞ்சக் கூடாது என்று டிஸ்க்கை முதலிலேயே சுத்தமாக அழித்தேன். (எனக்கு எப்போதும் சுத்தம் முக்கியம்.) அதற்குப் பிறகுதான் திரையில் ஒரு கட்டம் வந்து நின்றது. இருபத்தைந்து எழுத்து ப்ராடக்ட் கீ வேண்டுமாம். லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தேன். கீ அச்சடித்த ஸ்டிக்கர் தேய்ந்து வெள்ளையாக இருந்தது.

"ஐயோ, கீ கேக்குதே!" என்று நான் கத்தியது சமையலறைக்குக் கேட்டு, அத்தை எட்டிப் பார்த்தார்.

"கீ கீதா?"

"கீதாவா? அது யாரு அத்தை?"

"ஐயே! கீ கீதா, இல்லியான்னு கேக்கறேன்."

தீபா கட்டிலில் விழுந்து சிரித்தாள். 'கீது' என்றால் 'இருக்கிறது' என்பது எனக்குப் பழகியிருந்தது. கீயும் கீதும் ஒன்றாக வரும் என்று யாரும் எச்சரிக்கவில்லை.

ஆனால் கீ இருந்தது! லேப்டாப் வாங்கியபோது கடைக்காரர் போனில் சொல்லச் சொல்ல, அத்தை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். முத்து முத்தான கையெழுத்து. ஓர் அடித்தல் திருத்தல் இல்லை. அத்தனையும் தமிழில். 'பி, டி, 7, கே, பி...'

"அத்தை, இது எந்த பி? ஏ பக்கத்துல வர்ற பி-யா, ஓ பக்கத்துல வர்ற பி-யா?"

"அவன் 'பி'ன்னான். நான் 'பி'ன்னு எழுதிக்கினேன்."

கடைக்காரருக்கே போன் போட்டேன். அவரிடம் இப்போது அந்த விவரம் எதுவும் இல்லை. "ஞாபகமாவது இருக்காண்ணே? முதல் எழுத்து பஸ்ஸுக்கு வர்ற பி-யா, பேப்பருக்கு வர்ற பி-யா?"

"ரெண்டுத்துக்குமே பி தானேம்மா?" என்றார் அவர், நிதானமாக.

நோட்டில் 'பி' நான்கு, 'டி' மூன்று. ஒவ்வொன்றும் இரண்டில் ஒன்றாக இருக்கலாம். கணக்குப் போட்டேன்: நூற்று இருபத்தெட்டு வழிகள்! பயந்திருக்க வேண்டும். எனக்கோ உடம்பெல்லாம் உற்சாகம். நான் சாஃப்ட்வேர் டெஸ்டர். எல்லா வழிகளையும் பட்டியல் போட்டு ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பதற்காகவே பிறந்தவள். தீபா படிக்க, நான் அடிக்க, திரை சிவப்பில் 'தவறு' என்றது. மறுபடி படிக்க, மறுபடி அடிக்க, மறுபடி தவறு. நடுநடுவே இன்டர்வியூவுக்கும் ஒத்திகை பார்த்தாள்: "மை நேம் இஸ் தீபா, பி, டி, ஏழு..." சாப்பாட்டை மறந்தோம். ஒவ்வொரு முறை என்டர் தட்டும்போதும், 'இதுதான், இதுதான்!' என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

மூன்று மணிக்குத் தொண்ணூற்றிரண்டாவது வழியில் இருந்தோம். அதுவும் தவறு.

"இன்டர்வியூ போச்சா அண்ணி?" என்றாள் தீபா. குரல் உடைந்திருந்தது. காலையில் ஓடிக்கொண்டிருந்த லேப்டாப்பை நான்தான் கொன்றேன்.

டீ கொண்டுவந்த அத்தை, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். "ஏம்மா, கட்டத்துக்குக் கீழ சின்னதா நீலக் கலர்ல இன்னாவோ எழுதிக்கீதே, அது இன்னா?"

பார்த்தேன். 'என்னிடம் ப்ராடக்ட் கீ இல்லை' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. மூன்று மணி நேரமாக அங்கேயேதான் இருந்திருக்கிறது. அழுத்தினேன். கீயைப் பிறகு கொடுத்துக்கொள்ளலாம் என்பதுபோல் லேப்டாப் சமர்த்தாக அடுத்த வேலைக்குப் போய்விட்டது.

மூன்று ஐம்பத்தாறுக்குத் திரை திறந்தது! தீபா ஒரு கையால் தலை வாரிக்கொண்டே மறு கையால் மீட்டிங்கைத் திறந்தாள். நானும் அத்தையும் கதவில் காதை வைத்தோம்.

அது ஒரு இன்டர்நெட் இணைப்புக் கம்பெனியின் கஸ்டமர் கேர் வேலை. டெஸ்ட் முடிந்ததும் கேட்டார்கள்: "ஒரு கஸ்டமர் மூணு மணி நேரமா அதே தப்பையே செஞ்சுட்டிருக்கார். எப்படிச் சமாளிப்பீங்க?"

தீபா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "சார், எங்க அண்ணி இருக்காங்க..." என்று ஆரம்பித்தாள்.

நான் கதவிலிருந்து காதை எடுத்துவிட்டேன். அத்தை எடுக்கவில்லை. உள்ளே அவர்கள் சிரித்து முடிக்கவே வெகுநேரம் ஆயிற்று.

வேலை கிடைத்தது. இப்போது புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவள்தான் பயிற்சி கொடுக்கிறாள். முதல் பாடமே என் கதைதானாம்.

போன மாதம் எங்கள் வீட்டு இன்டர்நெட் நின்றுபோனது. அதே கம்பெனி இணைப்புதான். தீபாவிடம் கேட்கக் கௌரவம் இடம் கொடுக்காமல் கஸ்டமர் கேருக்கே பேசினேன். யாரோ ஒரு பெண், பெயர் தெரியாது, அருமையான பொறுமை. பத்து நிமிடம் என் புலம்பலைக் கேட்டுவிட்டு, "மேடம், ஸ்கிரீன்ல கீழ ஒரு பட்டன் இருக்கா பாருங்க," என்றாள்.

இருந்தது.

நன்றி சொல்லி வைப்பதற்குள், அந்தப் பக்கம் யாரோ "என்னடி, இவ்ளோ நேரம்?" என்று கேட்பது காதில் விழுந்தது.

"ஒண்ணுமில்லடி," என்றாள் அந்தப் பெண். "ஒரு அண்ணி கேஸ்."