முறைப்படி வாசிக்காத குழந்தை

தையற்காரியின் மகள் நாலரை வயதிலேயே வாசிக்கத் தொடங்கிவிட்டாள். இதற்கு யாரிடமும் முன் அனுமதி பெறப்படவில்லை.

அம்மா வீட்டிலேயே சட்டை தைப்பவள். மிச்சத் துணியில் எழுத்துகளை வெட்டி மகளிடம் கொடுப்பாள். ‘ழ’ வெட்டுவதுதான் பெரும்பாடு. கத்தரிக்கோல் அந்த வளைவில் திரும்பாது. அப்பா பஸ் டிரைவர். டெப்போவுக்கு அழைத்துப் போய், வரிசையாக நிற்கிற பஸ்களின் பலகைகளைக் காட்டுவார். இப்படி எந்தக் கொள்கையும் இல்லாமல் குழந்தை தேறிவிட்டாள்.

இந்த நிலையில்தான் இல்ல வாசிப்பு ஊக்குவிப்புத் துறை தன் அலுவலரை அனுப்பிவைத்தது. அந்தத் துறையின் சான்று இல்லாமல் எந்தப் பள்ளியிலும் சேர முடியாது. அலுவலர் நாற்காலியில் சாய்வதற்குள் குழந்தை அவர் கழுத்தில் தொங்கிய அட்டையை வாசித்துவிட்டாள்.

“துணை அலுவலர், தற்காலிகம். மாமா, தற்காலிகம்னா என்ன?”

அலுவலர் அட்டையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“புத்தகத்தை உணர்தல் முடிச்சாச்சா?” என்று அம்மாவிடம் கேட்டார்.

“அப்படின்னா என்ன சார்?”

“முதல் நிலை. குழந்தை மூடின புத்தகத்தை மடியில வச்சுக்கிட்டு அதோட ஒரு நெருக்கத்தை வளர்த்துக்கணும். ரெண்டாம் நிலையில திறந்து படம் பார்க்கலாம். எழுத்து மூணாம் நிலையிலதான்.”

“அவதான் வாசிக்கிறாளே சார்.”

“முதல் ரெண்டு நிலையை முடிக்கலையே. அதனால அவ வாசிக்க வாய்ப்பே இல்லம்மா. எழுத்தைப் பார்த்துச் சத்தம் போடுறா. இதுக்குத் துறையில தனிப் பெயரே வைக்கப் போறாங்க.”

குழந்தை முதல் நிலைக்குத் திருப்பி அனுப்பப்பட்டாள். அது முடியும்வரை வீட்டில் எழுத்தென்று எதுவும் கண்ணில் படக் கூடாது என்பதும் விதி. அப்பா காலண்டரைச் சுவர் பக்கம் திருப்பினார். சமையலறை டப்பாக்களில் ஒட்டியிருந்த பெயர்களையெல்லாம் சுரண்டி எடுத்தார். மறுநாள் காலை உப்புப் போட்ட டீயைக் குடித்துவிட்டு, “பள்ளிக்கூடத்துக்காகத்தானே” என்று டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார்.

துணி எழுத்துகளை அம்மா மூட்டையாகக் கட்டினாள்.

“‘ழ’ மட்டும் நான் வச்சுக்கட்டுமா?” என்றாள் மகள்.

“வேண்டாம்டா கண்ணு.”

குழந்தை அடம்பிடிக்கவில்லை. தரையில் உட்கார்ந்து மூடிய புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

“அம்மா, உள்ள என்ன இருக்கு?”

“தெரியக் கூடாதாம்.”

அன்று அம்மா ஒரே சட்டைக்கு இரண்டு இடது கைகளை வைத்துத் தைத்தாள்.

விஷயம் தெருவில் பரவியது. எதிர் வீட்டு அக்கா தன் மகனை மூடிய புத்தகத்துக்கு ட்யூஷனில் சேர்த்துவிட்டாள். “எங்க பையன் இதுவரைக்கும் ஒரு பக்கத்தைக்கூடத் திறந்ததில்ல. டீச்சரே அசந்துட்டாங்க” என்று பார்ப்பவரிடமெல்லாம் சொன்னாள். மருந்துக் கடைக்காரர், கடையில் விளையாடும் மகளுக்காகப் பாட்டில்களின் லேபிள்களை உரித்துவிட்டு, வருபவர்களின் முகத்தைப் பார்த்து மருந்து கொடுத்தார். குறை சொல்லத் திரும்பி வந்தவர் யாருமில்லை.

ஒருவழியாக எல்லா நிலைகளும் முடிந்தன. மூன்றாம் நிலைக்கு வந்த அன்றே தையற்காரியின் மகள் சரளமாக வாசித்தாள். துறைக்கு இப்படியொரு வெற்றி கிடைத்ததே இல்லை என்பதால் அரங்கம் பிடித்து விழா எடுத்தார்கள். துறையின் இயக்குநரம்மா நேரில் வந்திருந்தார். குழந்தை மேடையில் வாசிக்க ஒரு நன்றியுரையும் அட்டையில் அச்சடிக்கப்பட்டிருந்தது. மேடைக்குப் பின்னால் அம்மா அதைப் படித்துப் பார்த்தாள்.

“சார், ‘எங்கள் வீட்டில் யாரும் எனக்கு ஓர் எழுத்தும் சொல்லித் தரவில்லை’ன்னு இருக்கே. நான்தானே சொல்லிக் கொடுத்தேன்?”

“சொல்லிக் கொடுத்திருந்தா அது விதிமீறல்மா” என்றார் அலுவலர், ரொம்பவும் பரிவாக. “சான்றுல இன்னும் கையெழுத்து ஆகல.”

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா மின்விசிறியைப் பார்த்தார்.

“சரி சார்” என்றாள்.

குழந்தை மைக் முன்னால் நின்று கணீரென்று வாசித்தாள். “எங்கள் வீட்டில் யாரும் எனக்கு ஓர் எழுத்தும் சொல்லித் தரவில்லை.” நிறுத்தினாள். அட்டையை இன்னொரு தடவை பார்த்தாள்.

“இது தப்பாப் போட்டிருக்காங்க. அம்மாதான் சொல்லிக் கொடுத்தாங்க” என்றாள், அதே மைக்கில்.

அரங்கம் முழுக்கக் கைதட்டல் எழுந்தது.

“கவனிச்சீங்களா, ஒரு இடத்துலகூடத் திக்கல” என்றார் இயக்குநரம்மா.

எதிர் வீட்டு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “எல்லாம் அந்தப் பயிற்சி” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாள். அப்பாவும் கைதட்டினார். சான்றில் கையெழுத்து விழுகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, கடைசியாக அம்மாவும் தட்டினாள்.