துயர்துடைப்பு எண் கம்பெனி மாறிய வரலாறு

மனித குலம் நெருப்பைக் கண்டது, சக்கரத்தைக் கண்டது, மின்சாரத்தையும் கண்டது. ஆனாலும் அதற்கு மனம் நிறையவில்லை. கைப்பேசி எண்ணை மாற்றாமலேயே கைப்பேசிக் கம்பெனியை மாற்றிக்கொள்ளலாம் என்று கண்டுபிடித்த அன்றுதான் 'அப்பாடா' என்று உட்கார்ந்தது. நாற்காலியை விடாமல் கட்சி மாறும் கலையை நம் பெரியவர்கள் வெகு காலம் முன்பே அறிந்து வைத்திருந்தார்கள். அதைச் சாதாரண மக்களும் கைப்பேசியில் செய்து பார்க்க வழி செய்தது விஞ்ஞானம்.

இந்த விஞ்ஞானத்தைச் சமுதாய மேன்மைக்குத் திருப்பிவிட்ட பெருமை ஒருவரையே சேரும். அவர்தான் கிள்ளான் பள்ளத்தாக்குத் துயர்துடைப்புப் பேரவையின் தலைவர் கார்த்திகேசு. பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் பேரவை இயங்குகிறது. சுல்தான் சூட்டும் டத்தோ பட்டம் தலைவருக்கு இன்னும் வரவில்லை. ஆனால் யாராவது 'டத்தோ' என்று கூப்பிட்டால் திருத்தமாட்டார். கூப்பிட்டவர் மனம் நோகக் கூடாது பாருங்கள்.

பேரவையிடம் ஒரு வேன் உண்டு. சிறுநீரகம் பழுதான ஏழைகளை டயாலிசிஸ் நிலையத்துக்கு இலவசமாக ஏற்றிச் செல்வதற்காக யாரோ ஒரு புண்ணியவான் வாங்கிக் கொடுத்தது. வேனை அழைக்க ஓர் எண்ணும் உண்டு. அதற்குத் 'துயர்துடைப்பு எண்' என்று பெயர். அந்த எண் வேனின் நாலு பக்கமும் இருந்தது. கிள்ளான் பேருந்து நிறுத்தத்தில் இருந்தது. கம்போங் மேடான் அடுக்குமாடிச் சுவர்களில் இருந்தது. எண் இருந்த இடத்திலெல்லாம் அதன் பக்கத்தில் கார்த்திகேசுவும் கைகூப்பியபடி இருந்தார்.

இப்படிப்பட்ட எண்ணைப் பற்றி ஒரு 'வதந்தி' கிளம்பியது. கூப்பிட்டால் யாரும் எடுப்பதில்லையாம்.

கிளப்பியவர் முன்னாள் தலைவர் தம்புசாமி என்பதில் கார்த்திகேசுவுக்குச் சந்தேகமே இல்லை. அடுத்த மாதம் ஆண்டுக் கூட்டம், தலைவர் தேர்தல். கீழ்க் கடையில் தேத்தண்ணீர் குடிக்கிற ஒவ்வொருவரிடமும் தம்புசாமி, "ரிங்கு போவுது, ஆள் இல்லலா," என்று சொல்லிக்கொண்டிருந்தார். கார்த்திகேசு கணக்குப் போட்டுப் பார்த்தார். தலைவர் பதவி போனால் மாலை போகும், முன்வரிசை போகும், வரப்போகிற டத்தோவும் போய்விடும். பிறகு பெண்டாட்டிக்கு மட்டும்தான் தலைவராக இருக்கலாம், அதற்கும் அவள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

உடனே 'அவசரச் செயற்குழு' கூட்டப்பட்டது. வடை வந்ததும் விவாதம் தொடங்கியது.

"நம்ம பக்கம் தப்பே இல்ல," என்றார் கார்த்திகேசு. "லைன்தான் மோசம். கம்பெனியை மாத்தறோம்."

"அப்படியே நம்பரையும் புதுசா ஒண்ணு எடுத்துரலாமா தலைவரே?" என்றார் செயலாளர் சுகுமாறன். போர்ட் கிள்ளான் கொள்கலன் கிடங்கில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர், தூக்கக் கலக்கத்தில் இப்படி ஏதாவது சொல்லிவிடுவார்.

எண் மாறினால் பேனர் மாறும். பேனர் மாறினால் படம் மாறும். இப்போதுள்ள படத்தில் தலைவருக்கு அடர்த்தியான முடி இருந்தது. புதுப் படம் எடுத்தால் இருப்பதுதானே விழும்?

"நம்பர்ங்கறது நம்ம மானம்!" என்று மேசையைத் தட்டினார் கார்த்திகேசு. எண்ணை மாற்றாமல் கம்பெனியை மட்டும் மாற்றுவது என்று தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

கிள்ளான் பேரங்காடியில் இருந்த புதிய கம்பெனியின் கடைக்குத் தலைவரும் செயலாளரும் நேரிலேயே எழுந்தருளினார்கள். முகப்பில் ஷாமினி என்ற பெண் இருந்தாள்.

"ரொம்ப ஈசி அங்கிள். உங்க நம்பருக்கு ஒரு மெசேஜ் வரும். 'யெஸ்'னு பதில் போட்டா போதும். மத்ததெல்லாம் நாங்க பாத்துக்குவோம்."

இருவரும் மனநிறைவோடு திரும்பினார்கள். நாட்கள் போயின. ஒன்றும் நடக்கவில்லை. கார்த்திகேசு கொதித்துப்போய் சுகுமாறனையும் கூட்டிக்கொண்டு மறுபடி கிள்ளானுக்குப் போனார்.

"மெசேஜ் அனுப்பினோம் அங்கிள். பதில் வரல, அதான் கேன்சல் ஆயிருச்சு. நானே கால் பண்ணிக்கூடப் பாத்தேன். யாருமே எடுக்கல."

"கேட்டியா சுகுமாறா!" என்று வெற்றிப் புன்னகையோடு திரும்பினார் கார்த்திகேசு. "கம்பெனிக்காரங்களாலேயே நம்மள பிடிக்க முடியல. பழைய லைன் அவ்வளவு மோசம்!"

துயர்துடைப்புக் கைப்பேசி எங்கே இருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அது பேரவை அலுவலகத்தில், கண்ணாடி அலமாரிக்குள், காற்பந்துக் கோப்பைக்கும் மடித்து வைத்த பொன்னாடைகளுக்கும் நடுவில், சார்ஜ் குறையாமல் வீற்றிருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் அதற்குச் சந்தனம், குங்குமம் உண்டு. அலமாரிச் சாவி சுகுமாறனிடம் இருந்தது. சுகுமாறன் போர்ட் கிள்ளானில் இருந்தார். சமுதாயச் சொத்தைக் கண்டவன் தொடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது.

இரண்டாவது முறை ஏமாறக் கூடாது என்று, மெசேஜ் வருகிற நாளில் செயற்குழு முழுவதும் அலமாரி முன்னால் கூடியது. மெசேஜ் வந்தது. சுகுமாறன் பயபக்தியோடு கைப்பேசியை வெளியே எடுத்தார்.

"'யெஸ்'னு போடவா தலைவரே?"

"என்ன யெஸ்ஸு? தமிழன் பேரவைலா இது!" என்று சீறினார் கார்த்திகேசு. "தமிழ்ல போடு!"

அதற்கும் தனித் தீர்மானம் போட்டார்கள். 'ஆம்' போதுமா, 'ஆம், வணக்கம்' என்று மரியாதையாகப் போட வேண்டுமா என்று அரை மணி நேரம் வாதாடினார்கள். கடைசியில் 'ஆம், வணக்கம்' வென்றது. கைதட்டலுக்கிடையே பதில் போனது. கம்பெனியின் கணினிக்கு மொழிப்பற்று இல்லாததால் விண்ணப்பம் மறுபடியும் ரத்தானது.

மூன்றாவது முறை ஷாமினி கையெடுத்துக் கும்பிட்டாள். "அங்கிள், ப்ளீஸ், போனை இங்க கொண்டாந்துருங்க. நானே அமுக்கறேன்."

கொண்டுபோனார்கள். அவள் குங்குமத்தைத் துடைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள்.

"அங்கிள், சைலண்ட்ல இருக்கே?"

"கூட்டம் நடக்கறப்ப சத்தம் வரக் கூடாதில்ல மா? அதான்."

"எந்தக் கூட்டம்?"

கார்த்திகேசு யோசித்தார். "அது தம்புசாமி தலைவரா இருந்தப்ப நடந்த கூட்டம்."

ஷாமினி சத்தத்தைத் திறந்துவிட்டாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "நிறைய மிஸ்ட் கால் இருக்கு அங்கிள்."

"பாத்தியா! இத்தனை காலை மிஸ் பண்ணியிருக்கான் அந்தப் பழைய கம்பெனிக்காரன். இவனை நம்பியா நாங்க சமுதாயச் சேவை செஞ்சோம்!"

"பாதிக்கு மேல ஒரே நம்பர்லேருந்து."

"யாரோ வேலவெட்டி இல்லாதவங்க மா. நீ அமுக்கு."

அவள் அமுக்கினாள். மறுநாளே எண் புதிய கம்பெனிக்குக் குடிபெயர்ந்தது. நம்பர் மட்டும் அப்படியே இருந்தது.

ஆண்டுக் கூட்டத்தையே 'துயர்துடைப்பு எண் புத்துயிர் விழா'வாக நடத்துவது என்று கார்த்திகேசு முடிவு செய்தார். எல்லோர் முன்னிலையிலும் முதல் அழைப்பைத் தானே எடுத்துவிட்டால் தம்புசாமியின் வாய் அடைபடும், நாற்காலி நிலைக்கும். பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடி மண்டபம் பிடித்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள், பந்தல் துணி, பிரியாணி அண்டா எல்லாவற்றையும் பேரவை வேன்தான் சுமந்து வந்தது. மேடையில் பட்டு விரித்து, கைப்பேசியை வைத்து, மைக்கை அதன் பக்கம் திருப்பி வைத்தார்கள்.

தலைவர் பேசினார். புதிய லைனின் தெளிவைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். எதிர்பார்த்தபடியே கைப்பேசி ஒலித்தது. உறுப்பினர்கள் எழுந்து நின்றார்கள். படம் பிடிப்பவர் கோணம் பார்க்கிற வரைக்கும் அதை ஒலிக்கவிட்டு, பிறகு கார்த்திகேசு எடுத்தார், ஸ்பீக்கரில் போட்டார்.

"வணக்கம்! துயர்துடைப்புப் பேரவை! தலைவரே பேசறேன்!"

"ஐயோ, எடுத்துட்டீங்களா!" என்று ஒரு பெண்குரல் பதறியது. "தப்பான நம்பருக்கு அடிச்சிட்டேன்போல. மன்னிச்சிருங்க தம்பி."

"இல்லம்மா, வைக்காதீங்க! சரியான நம்பர்தான். நீங்க யாரு?"

"கம்போங் மேடான் இராஜம்மா."

"லைன் எப்படி இருக்கும்மா? தெளிவா கேக்குதா?"

"நல்லா கேக்குது."

மண்டபம் அதிரக் கைதட்டியது. தம்புசாமியின் முகம் சுருங்கியதை மேடையிலிருந்தே கார்த்திகேசு பார்த்தார். நெஞ்சு குளிர்ந்தது.

"தம்பி, இன்னிக்கு எனக்கு டயாலிசிஸ்," என்றாள் இராஜம்மா. "வழக்கமா பக்கத்து வீட்டு அஸ்லான், நாசி லெமாக் சோறு வித்துட்டு வந்து அவன் வேன்ல ஏத்திட்டுப் போவான். அவன்கிட்ட நம்பரு கிம்பரு எல்லாம் கிடையாது. சுவத்தைத் தட்டுனா வருவான். இன்னிக்கு அவன் சொந்த ஊருக்கு, கம்பத்துக்குப் போயிட்டான். போன மாசம் இப்படித்தான் போவாம விட்டு, மூச்சு வாங்கி ஆஸ்பத்திரியில கெடந்தேன். அதான் வேன் வருமான்னு கேக்கறேன்."

கார்த்திகேசு ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். வேன் நின்றது. உள்ளே மிச்ச நாற்காலிகளும் காலி அண்டாவும் இருந்தன.

"வேன் இன்னிக்கு விழாவுல இருக்கும்மா."

"என்ன விழா தம்பி?"

பொய் சொல்லத் தோன்றவில்லை அவருக்கு, அந்த அளவில் நல்ல மனிதர். "இந்தப் போனை எடுக்கற விழா."

"அதான் எடுத்துட்டீங்களே. இனி வேனை விடலாமில்ல?"

நாற்காலி நழுவுவது கார்த்திகேசுவுக்கே தெரிந்தது.

"விழா முடிஞ்சு நாற்காலியெல்லாம் திருப்பிக் கொடுக்கணும்மா... நாளைக்கு வேணும்னா..."

"நாளைக்கு எனக்கு டயாலிசிஸ் இல்ல தம்பி. சரி, வெச்சிர்றேன். மறுபக்கத்து வீட்டுச் சுவத்தைத் தட்டிப் பாக்கறேன்."

அழைப்பு நின்றது. கடைசிச் சொல் வரை ஒரு கரகரப்பும் இல்லை.

தம்புசாமி எழுந்தார். போச்சு, மானம் கப்பலேறியது என்று கார்த்திகேசு கண்ணை மூடிக்கொண்டார்.

"என் காலத்துல," என்று கர்ஜித்தார் தம்புசாமி, "இந்தப் பேரவைக்குள்ள இப்படி ஒரு குரல் கேட்டிருக்கா? ஒரு சத்தம் கேட்டிருக்கா?"

கார்த்திகேசு கண்ணைத் திறந்தார். தலைவர்களுக்கு மட்டுமே வாய்க்கிற அந்த வெளிச்சம் அவர் முகத்தில் பரவியது. மைக்கைப் பிடித்தார்.

"அண்ணன் சொன்னது நூத்துக்கு நூறு உண்மை! கோளாறு இப்பத்தான் புரியுது. இந்தப் புதுக் கம்பெனி நமக்குச் சரிப்படாது. அந்தப் பக்கம் பேசறது எல்லாம் அப்படியே கேக்குது! பழைய கம்பெனிக்கே திரும்பிப் போயிடுவோம்!"

"வழிமொழிகிறேன்!" என்றார் தம்புசாமி.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அதே மூச்சில் கார்த்திகேசு போட்டியின்றித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார், தம்புசாமி ஆலோசகரானார். எண்ணை மாற்றுவதில்லை என்பதையும் மறக்காமல் பதிவு செய்தார்கள். வேன் சாவி மேடை மேசையில், மைக்குக்குப் பக்கத்தில்தான் கிடந்தது. தீர்மானத்துக்குக் கை தூக்குவதற்கு அது யாருக்கும் இடைஞ்சலாக இல்லை.